ஒவ்வொரு பிப்ரவரியிலும் லேவியராகமத்தில் நின்றுபோகிறவருக்கு

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். மூன்று வருஷமாக, ஒரு வருஷத்தில் வேதாகமம் முழுவதையும் வாசித்து முடிப்பதென்று ஜனவரி 1 அன்று ஆதியாகமத்தைத் திறக்கிறீர்கள், பிப்ரவரியில் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறது, அப்புறம் வருஷம் முழுக்கக் குற்ற உணர்வு. பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் பாதி புரியவில்லை, மாற்றலாமா? தினமும் போனில் வரும் ஒரு வசனம் போதாதா? வாசிப்பது ஒரு பக்கம், வேலைக்குப் போய்விட்டு வரும் வாழ்க்கை ஒரு பக்கம் என்று இரண்டும் ஒட்டாமல் கிடக்கிறதே, என்ன செய்வது?

நான் போதகர் இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன், ஆலயத்தில் முறை வரும்போது பாடம் வாசிக்கிறேன், அவ்வளவுதான். அதனால் வாசிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம், உங்கள் குற்ற உணர்வில் பாதி அங்கேயே கரைந்துவிடும். நம்முடைய வேதாகமத்தில் 66 புத்தகம், 1189 அதிகாரம். 365ஆல் வகுத்தால் நாளுக்கு மூன்றேகால் அதிகாரம் வருகிறது. ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, ஆக ஒரு நாள்கூட விடாமல் வாசிக்கிறவருக்கே ஜனவரி 28 வாக்கில்தான் லேவியராகமம் வரும். நடுவில் ஒரு கல்யாண வீடு, ஒரு காய்ச்சல், இரண்டு நாள் ஊர்ப் பயணம் வந்தால் பிப்ரவரி ஆகிவிடும். உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேர் அதே வாரத்தில் அதே இடத்தில்தான் நிற்பார்கள் என்று நினைக்கிறேன். இன்னொன்று, நீங்கள் சோர்ந்தது லேவியராகமத்தில் இல்லை. யாத்திராகமத்தின் பிற்பாதியில், ஆசரிப்புக் கூடாரத்துக்கு, அதாவது இஸ்ரவேலர் வனாந்தரத்தில் வழிபடப் போட்ட கூடாரத்துக்கு, எத்தனை கொக்கி எத்தனை வளையம் என்று 25ஆம் அதிகாரத்திலிருந்து ஒருமுறை சொல்லி, பிறகு 35இலிருந்து அதையெல்லாம் அப்படியே செய்து முடித்தார்கள் என்று மறுபடியும் சொல்லும்போதே மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கும். கெட்ட பெயர் மட்டும் லேவியராகமத்துக்கு.

ஒரு வருஷத்தில் முடிக்க வேண்டும் என்ற கட்டளை வேதாகமத்தில் எங்கும் கிடையாது. இன்றைக்கும் பலர் கையில் இருக்கிற அட்டவணை ஒன்று, ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்தில் இளம் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மக்செய்ன் என்பவர் 1842ஆம் வருஷக் கடைசியில் தன் சபையாருக்காகப் போட்டுக்கொடுத்தது. நாளுக்கு நான்கு அதிகாரம் என்ற கணக்கில், வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒருமுறையும் புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறையும் முடியும். ஆனால் அந்த அட்டவணையைக் கொடுக்கும்போதே அவர் அதிலுள்ள ஆபத்துகளையும் சேர்த்து எழுதினார் என்பதை யாரும் சொல்வதில்லை. வெறும் சடங்காகிவிடலாம், முடித்துவிட்டோம் என்கிற சுயநீதி தலைக்கேறலாம், மனம் எங்கோ இருக்கக் கண் மட்டும் ஓடலாம், சிலருக்குத் தூக்க முடியாத நுகமாகிவிடலாம் என்று. சில மாதங்களில், 1843 மார்ச்சில், 29 வயதிலேயே அவர் இறந்துபோனார். நாம் அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டோம். உங்களுக்கு நடந்தது அவர் சொன்ன நான்காவது ஆபத்து. முதல் மூன்றும் எனக்கு நடந்தன. நான் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை ஏழு தடவை முடித்தவன், ஒவ்வொரு முறையும் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு வைத்திருக்கிறேன். அந்தத் தேதிகளைப் பார்த்தால் இப்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம்தான்: கொஞ்சமாக வாசியுங்கள், வாய்விட்டு வாசியுங்கள், முடிந்தால் இன்னொருவர் காதில் விழ வாசியுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

இது நானாகக் கண்டுபிடித்த யோசனை இல்லை, அந்தப் புத்தகமே அப்படித்தான் தன்னை வாசிக்கச் சொல்கிறது. யோசுவா 1:8 எல்லோருக்கும் மனப்பாடம், "இந்த நியாயப்பிரமாண புஸ்தகம் உன் வாயைவிட்டுப் பிரியாதிருப்பதாக". கண்ணை விட்டு என்று சொல்லவில்லை, வாயை விட்டு. முதலாம் சங்கீதத்தில் இரவும் பகலும் வேதத்தில் "தியானமாயிருக்கிற" மனுஷன் என்று வருகிறதே, தியானம் என்றதும் நமக்குக் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள்தான் ஞாபகத்துக்கு வருகிறார். எபிரெயத்தில் அங்கே இருக்கிற சொல் ஹகா. முணுமுணுப்பது, வாய்க்குள் உருட்டுவது என்று அர்த்தம். ஏசாயா 31:4இல் இரையைப் பிடித்துக்கொண்டு சிங்கம் உறுமுவதற்கும் அதே சொல்தான், ஏசாயா 38:14இல் எசேக்கியா ராஜா புறாவைப்போல் புலம்பினேன் என்கிறாரே, அதற்கும் அதே சொல்தான். ஆக அந்தப் பாக்கியவான் சத்தம் போடுகிறவர். பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும்.

அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறார், பிலிப்பு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவர் வாசிப்பதைக் "கேட்டு", நீர் வாசிக்கிறவைகளின் கருத்து தெரியுமா என்று விசாரிக்கிறார். தனியாகப் போகிற ஆள் வாசிப்பது இவருக்கு எப்படிக் கேட்டது? அந்தக் காலத்தில் தனியாக இருந்தாலும் சத்தமாக வாசிப்பதே வழக்கம். நான்காம் நூற்றாண்டில் மிலான் பேராயர் அம்புரோஸ் உதடு அசையாமல் வாசிப்பதை அகுஸ்தீன் பார்த்து ஆச்சரியப்பட்டு, தொண்டை கட்டிவிடும் என்று பயந்து அப்படிச் செய்கிறாரோ என்றெல்லாம் யோசித்து எழுதிவைத்திருக்கிறார். வெளிப்படுத்தல் 1:3ஐ எடுத்துப் பாருங்கள்: வாசிக்கிறவனும், கேட்கிறவர்களும் பாக்கியவான்கள். வாசிக்கிறவன் ஒருமை, கேட்கிறவர்கள் பன்மை. ஒருவர் வாசிக்க ஊரே உட்கார்ந்து கேட்டது என்பது இலக்கணத்திலேயே இருக்கிறது. நெகேமியா 8இல் எஸ்றா காலையில் தொடங்கி மத்தியானம்வரை வாசித்ததும் அப்படித்தான்.

ஆளுக்கொரு வேதாகமம் என்பதே நேற்று வந்த வசதி. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706இல். தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது 1715இல். அதற்குப் பிறகும் எத்தனையோ தலைமுறை நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் காதால் கேட்டு, கீர்த்தனையாகப் பாடித்தான் வேதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வருஷ அட்டவணையை முடிக்காததால் அவர்களுடைய விசுவாசம் குறைந்துபோனதாக யாரும் சொல்லமாட்டார்கள். அப்படியிருக்க நீங்கள் ஏன் குறுகிப்போய் உட்கார்ந்திருக்க வேண்டும்?

இங்கேயே தமிழ்ச் சொல் ஒன்று. ரோமர் 10:17, "விசுவாசம் கேள்வியினாலே வரும், கேள்வி தேவனுடைய வசனத்தினாலே வரும்". என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இதை வைத்து நன்றாக ஒரு பேச்சே பேசிவிட்டது: கேள்வி கேட்டால்தான் விசுவாசம் வளரும், அதனால் சபையில் எங்களைக் கேள்வி கேட்க விட வேண்டும் என்று. நான் மறுக்கவில்லை, பிள்ளைகள் கேள்வி கேட்க வேண்டும் என்பதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் வசனத்தில் இருக்கிற கேள்வி அது இல்லை. திருக்குறளில் 'கேள்வி' என்று ஓர் அதிகாரம், 42ஆவது, இருக்கிறதே, அந்தக் கேள்வி. காதால் கேட்டு அறிவது. பவுல் எழுதியதும் கேட்பது என்ற அர்த்தமுள்ள கிரேக்கச் சொல்தான். மொழிபெயர்த்தவர்கள் எழுதியபோது அது சரியான தமிழ், நடுவில் நம்முடைய தமிழ் நகர்ந்துவிட்டது.

இதில்தான் உங்கள் இரண்டாவது கேள்வியும் இருக்கிறது. நீங்கள் கையில் வைத்திருப்பது அநேகமாக 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு. ஹென்றி பவர் என்பவர் தலைமையில் ஒரு குழு, அதற்கு நூறு வருஷம் முந்தைய பப்ரிசியுஸ் ஐயரின் மொழிபெயர்ப்பை அடியில் வைத்துக்கொண்டு செய்தது. பப்ரிசியுஸ் 'பராபரன்' என்று எழுதிய இடத்தில் இவர்கள் 'தேவன்' என்று போட்டார்கள், அதற்கே அந்தக் காலத்தில் சண்டை. இன்றைக்கு 'தேவன்' என்பதை எடுத்துவிட்டுக் 'கடவுள்' என்று வாசித்தால் சிலருக்கு முகம் சுருங்குகிறது, இந்தச் சண்டைக்கு வயது அதிகம் என்று புன்னகைத்துவிட்டுப் போய்விட வேண்டியதுதான்.

மாற்றலாமா என்றால், என் பதில் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். 23ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். பழையதில் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்". 1995இல் கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பில் "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை". தாழ்ச்சியடையேன் என்றால் அலுவலகத்தில் என்னை யாரும் தாழ்த்த முடியாது, நான் கீழே போகமாட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்களை எனக்குத் தெரியும். பதவி உயர்வு கிடைக்காத வருஷம் ஒருவர் இந்த வசனத்தின்மேல் கோபமாகவே இருந்தார். தாழ்ச்சி என்பது இங்கே குறைவு, இல்லாமை. புதியதைப் பக்கத்தில் வைத்து ஒரு பார்வை பார்த்திருந்தால் அந்தக் கோபம் மிச்சமாகியிருக்கும்.

ஆனால் எல்லா இடத்திலும் புதியது ஜெயிக்காது. "அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது" என்று 1 கொரிந்தியர் 13இல் வருகிறது. இதைப் பொறுமை என்று எளிதாகச் சொல்லிவிடலாம், தப்பில்லை. ஆனால் பொறுமை என்றால் பஸ் வரும்வரை நிற்பதும் பொறுமைதான். நீடிய சாந்தம் என்னும்போது நீளம் தெரிகிறது, இன்னும் எத்தனை வருஷம் இந்த ஆளோடு என்று தெரியாத ஒரு நீளம். கிரேக்கச் சொல்லும் அப்படித்தான், கோபம் வர நெடுநேரம் எடுக்கிற குணம். அப்புறம், வாய்விட்டு வாசிக்கப் பழைய தமிழ்தான் எனக்குச் சுகம். சங்கீதம் 121ஐப் பழையதில் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள், மூச்சு எங்கே விட வேண்டும் என்பதை வாக்கியமே சொல்லிக்கொடுக்கும். ஆகவே காதுக்குப் பழையது, சந்தேகத்துக்குப் புதியது. கத்தோலிக்க நண்பர்களின் பதிப்பு என்றால் 73 புத்தகம் இருக்கும், திகைக்காதீர்கள்.

சரி, எங்கே தொடங்குவது? மாற்கு. 16 அதிகாரம்தான், சத்தமாக வாசித்தாலும் ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நாலு சுவிசேஷத்தில் சின்னது, வேகமானது, கிரேக்கத்தில் 'உடனே' என்ற சொல் மட்டும் 40 தடவைக்குப் பக்கமாக வருகிறது. ஆனால் நான் மாற்குவைச் சொல்வதற்குக் காரணம் அது இல்லை, என் மாமியார்.

அவர்களுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. புதுக் கண்ணாடி எழுதிக்கொடுக்க ஒரு மாதம் ஆகும், பழைய கண்ணாடி பொருந்தவில்லை. தினமும் ராத்திரி வேதம் வாசிக்காமல் படுக்காத ஆள், அதனால் என்னை வாசிக்கச் சொன்னார்கள். நான்தான் ஏழு தடவை முடித்த ஆளாயிற்றே, மளமளவென்று மாற்கு இரண்டு அதிகாரத்தை ஓட்டினேன். "கொஞ்சம் நில்லுங்க மாப்பிள்ளை, கூட வர முடியலை" என்றார்கள். அதிலிருந்து பத்து வசனம், பதினைந்து வசனம் என்று போனோம். ஐந்தாம் அதிகாரத்தில் பன்னிரண்டு வருஷமாகப் பெரும்பாடுள்ள, அதாவது இரத்தப்போக்கு நிற்காத, அந்தப் பெண் அநேக வைத்தியர்களிடம் போய், கையில் இருந்ததையெல்லாம் செலவழித்து, கொஞ்சமும் குணமாகாமல் இன்னும் மோசமானாள் என்று வந்ததும் அத்தை சிரித்துவிட்டார்கள். மேஜையில் வரிசையாக மூன்று சொட்டு மருந்துக் குப்பி நின்றது. அதே அதிகாரத்தின் முடிவில் இயேசு பன்னிரண்டு வயதுப் பிள்ளையை எழுப்பிவிட்டு, அதற்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார். நான் அந்த வரியைத் தாண்டிவிட்டேன். அத்தை தாண்டவில்லை. "பின்ன, எத்தனை நாளா சாப்பிடாம கிடந்துச்சோ. எல்லாரும் ஆச்சரியப்பட்டு நின்னுட்டு இருப்பாங்க, பிள்ளைக்குப் பசிக்கும்னு ஒருத்தருக்கும் தோணியிருக்காது." ஏழு முறை வாசித்ததில் எனக்கும் தோன்றியதில்லை.

பிறகு எட்டாம் அதிகாரம். பெத்சாயிதாவில் ஒரு குருடனை இயேசு ஊருக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கை வைக்கிறார், ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார், அவன் மனுஷர்கள் மரங்களைப்போல நடக்கிறார்கள் என்கிறான், மறுபடியும் கை வைத்த பிறகுதான் தெளிவாகத் தெரிகிறது. மாற்குவில் மட்டும் இருக்கிற சம்பவம் இது. இரண்டு தவணையில் ஏன் குணமாக வேண்டும் என்று நான் படித்த விளக்கங்கள் நிறைய. சீஷர்களுக்கும் அரைகுறையாகத்தான் புரிந்திருந்தது, அதற்கு அடுத்தாற்போல் பேதுரு 'நீர் கிறிஸ்து' என்று அறிக்கை செய்துவிட்டு உடனேயே கடிந்துகொள்ளப்படுகிறாரே, அதற்கு இது முன்னுரை என்பார்கள், நல்ல விளக்கம்தான். அதைச் சொல்லலாம் என்று நான் தொண்டையைச் செருமுவதற்குள் அத்தை சொன்னார்கள்: "எனக்கும் கட்டு அவிழ்த்த அன்னைக்கு இப்படித்தான். அந்த நர்ஸ் பிள்ளை வெள்ளையா ஒரு மரம் மாதிரி வந்துச்சு." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவருக்கே ரெண்டு தடவை கை வைக்க வேண்டியிருந்திருக்கு. மாப்பிள்ளை, இன்னொரு கண்ணுக்கும் தேதி வாங்கிடுங்க" என்றார்கள். அதுவரை இரண்டாவது ஆபரேஷனே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தவர்கள்.

வாசிப்புக்கும் வாழ்க்கைக்கும் தொடர்பு இல்லை என்று எழுதியிருந்தீர்கள். தொடர்பு வர இடம் கொடுக்க வேண்டும், மூன்றேகால் அதிகாரத்தில் அதற்கு இடம் இருப்பதில்லை. ஜெர்மனியில் போன்ஹோஃபர் என்ற போதகர் 1935 முதல் 1937 வரை ஃபிங்கன்வால்டே என்ற ஊரில் போதகர் பயிற்சிக்கு வந்தவர்களை நடத்தியபோது, ஒரு சிறிய வேதபகுதியை வைத்துக்கொண்டு தினம் அரை மணி நேரம் பேசாமல் உட்காரச் சொன்னார், அதுவும் வாரம் முழுக்க அதே பகுதி. வந்தவர்களில் பலருக்கு அது ஒத்துவரவில்லை, தூக்கம் வந்தது, என்ன செய்வதென்றே தெரியாமல் முழித்தார்கள். ஹிட்லர் ஆட்சியில், நாளை என்ன ஆகுமோ என்ற நிலைமையில், அவர் அதை விடவில்லை. நான் அரை மணி நேரம் சொல்லமாட்டேன், பத்து நிமிஷம் போதும். ஆனால் அதே பகுதியை மூன்று நாள் வாசிப்பதைப் பரீட்சித்துப் பாருங்கள். முதல் நாள் உங்களுக்குத் தெரிந்ததுதான் கண்ணில் படும், மூன்றாம் நாள்தான் தலையணை தெரியும். மாற்கு 4:38ஐச் சொல்கிறேன், புயலில் இயேசு படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்கினார் என்று. அந்தத் தலையணை மத்தேயுவிலும் இல்லை, லூக்காவிலும் இல்லை.

இப்போது லேவியராகமம். விட்டுவிடுங்கள் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருந்தால் மன்னியுங்கள். யூதர்களிடையே சிறு பிள்ளைகளுக்கு வேதபாடத்தை லேவியராகமத்தில் தொடங்குவது பழைய வழக்கம், பிள்ளைகளால் முடிந்தது நம்மால் முடியாதா? வரிசையாகப் போகாமல் 19ஆம் அதிகாரத்திலிருந்து உள்ளே நுழையுங்கள். "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்பது இயேசு புதிதாகச் சொன்னது என்று நினைக்கிறவர்கள் பலர், அது லேவியராகமம் 19:18. அதற்கு ஐந்து வசனம் மேலே, கூலிக்காரனுடைய கூலி விடியுமட்டும் உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்று இருக்கிறது.

இதை வாசித்த அன்று எங்கள் வீட்டில் குழாய் வேலை நடந்தது. சாயங்காலம் வேலை முடித்துவிட்டு அந்தத் தம்பி நின்றார், நான் போனில் அனுப்பப் பார்த்தேன், பணம் போகவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. நாளைக்கு அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன், அவரும் சரி சார் என்று போய்விட்டார். எண்ணூறு ரூபாய்தான். ராத்திரி பத்து மணிக்குப் படுத்தால் அந்த வசனம் வந்து நிற்கிறது. விடியுமட்டும் என்று நேரம் குறித்து எழுதியிருக்கிறது, தப்பிக்க வழியில்லை. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு ஏடிஎம்மைத் தேடிப்போய் எடுத்து, அவர் வீட்டை விசாரித்துப் போய்க் கொடுத்தேன். அவர் ஒன்றும் நெகிழ்ந்துவிடவில்லை, இந்த நேரத்தில் யாரது என்று பயந்துவிட்டார், நாயும் விரட்டியது. ஆனால் மறுநாள் காலையில் ஜெபத்தில் உட்கார்ந்தபோது வழக்கமான இரைச்சல் இல்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பலிகளைப் பற்றிய அதிகாரங்கள் வறண்டுதான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். அதிலும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். 12ஆம் அதிகாரத்தில், பிள்ளை பெற்ற தாய் ஓர் ஆட்டுக்குட்டி கொண்டுவர வேண்டும், அதற்கு வசதி இல்லாவிட்டால் இரண்டு காட்டுப்புறா அல்லது இரண்டு புறாக்குஞ்சு போதும் என்று ஒரு சலுகை. இதைத் தெரிந்துகொண்டு லூக்கா 2:24க்குப் போங்கள். மரியாளும் யோசேப்பும் எருசலேமுக்குக் கொண்டுபோனது என்ன என்று பாருங்கள். அவர்கள் ஏழைகள் என்று லூக்கா எழுதவில்லை, புறாவை மட்டும் எழுதிவிட்டுப் போகிறார். லேவியராகமம் தெரிந்தவர்களுக்கு அது போதும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இந்த அதிகாரத்தை வாசிக்கிறோம், ஆனால் அந்தப் புறாவை யாரும் நின்று பார்ப்பதில்லை.

இன்னொரு பறவை. ஞாயிறு பள்ளியில் மத்தேயு 10ஐ வாசித்தோம், ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவி. அடுத்த வாரம் லூக்கா 12, அங்கே இரண்டு காசுக்கு ஐந்து. காய்கறிக் கடை வைத்திருக்கிற வீட்டுப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். "சார், ஒரு காசுக்கு ரெண்டுன்னா ரெண்டு காசுக்கு நாலுதானே? அப்ப அஞ்சாவது கொசுறா?" கொசுறேதான். அந்தக் காலத்துச் சந்தையில் நிறைய வாங்கினால் ஒன்று சும்மா போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை என்று இயேசு சொல்வது அந்த விலையே இல்லாத ஐந்தாவதையும் சேர்த்துத்தான். விளக்கவுரைகளில் இதைப் பார்த்திருப்பீர்களோ என்னவோ, எனக்கு அந்தப் பையன் சொன்னபிறகுதான் தெரியும். அதற்கப்புறம் கடையில் கறிவேப்பிலையைக் கொசுறாகப் பைக்குள் போடும்போதெல்லாம் அவன் ஞாபகம் வந்துவிடுகிறது.

போனில் வரும் ஒரு வசனம் போதாதா என்றீர்கள். அதை இளக்காரமாகப் பேச எனக்கு மனமில்லை. ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொராவிய சபையார் 1728இலேயே நாளுக்கு ஒரு வசனம் என்று வீடு வீடாகச் சொல்ல ஆரம்பித்தார்கள், 1731 முதல் அதை ஒவ்வொரு வருஷமும் அச்சடித்து வருகிறார்கள். நல்ல பழக்கம். சிக்கல் என்னவென்றால் வசனம் தன் வீட்டை விட்டு வெளியே வந்துவிடுகிறது. புது வருஷ ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையாக நம்மில் பாதிப் பேருக்கு வருகிற எரேமியா 29:11, "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்", ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிற வரி. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதற்கு முந்தின வசனமே எழுபது வருஷம் ஆகும் என்கிறது. கேட்டவர்களில் பெரியவர்கள் யாரும் திரும்பி வரப்போவதில்லை என்று அர்த்தம். அதனால் அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், அந்த ஊர் நன்றாக இருக்க ஜெபம் பண்ணுங்கள் என்று எழுதுகிறார். இந்த வருஷமே விசா கிடைக்கும் என்பதற்கு அதை எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வளைகுடாவில் பதினைந்து வருஷமாக வேலை செய்கிற என் நண்பர் ஒருவருக்கு இந்தக் கடிதத்தை முழுக்க அனுப்பி வாசிக்கச் சொன்னேன். அறைக்கு வெளியே தொட்டியில் புதினா வைத்திருக்கிறேன் என்று பதில் போட்டார். ஆகவே போனில் வசனம் வரட்டும், வந்ததும் வேதாகமத்தைத் திறந்து அதற்கு முன்னும் பின்னும் ஒரு பத்து வசனம் வாசித்துவிடுங்கள், போதும்.

சில வாரங்கள் எதுவுமே ஒட்டாது, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அப்படி ஒரு நீண்ட காலம் இருந்தது, விவரம் வேண்டாம். அப்போது துதிப் பாட்டும் பிடிக்கவில்லை, சாட்சியும் பிடிக்கவில்லை. 88ஆம் சங்கீதம் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தேன். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியிலாவது திரும்பும், இது திரும்பாது, இருட்டிலேயே முடிந்துவிடும். அதை யாரும் எடுத்துப்போடாமல் விட்டுவைத்தார்களே என்பதே எனக்கு அந்த நாட்களில் பெரிய ஆறுதல்.

கடைசியாக, மனைவியோடு சேர்ந்து வாசிக்கலாமா என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தாராளமாக. ஆளுக்கொரு நாள் வாசியுங்கள், ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் புத்தகத்தைத் திறக்காமல் காதை மட்டும் கொடுங்கள். வாசித்து முடித்ததும் விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள், முக்கியமாக நீங்கள். எந்த இடம் காதில் நின்றது என்று மட்டும் கேளுங்கள், ஒன்றும் நிற்கவில்லை என்றால் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுங்கள். பிள்ளைகள் நடுவில் ஏதாவது கேட்டால் அந்த ராத்திரிக்கு அந்த வசனத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பெரிய எழுத்துப் பதிப்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், நாற்பது தாண்டியவர்களுக்கு ராத்திரி வெளிச்சத்தில் சின்ன எழுத்து வேண்டாம். அத்தைக்கு இப்போது இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது, புதுக் கண்ணாடியும் வந்துவிட்டது, இருந்தும் ஒன்பது மணியானால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். லூக்கா முடிந்து அப்போஸ்தலர் 8க்கு வந்திருக்கிறோம். நேற்று அந்த மந்திரியின் ரதத்தோடு பிலிப்பு ஓடியதை வாசித்ததும், இந்த வயதில் அவருக்கு எப்படி மூச்சு வாங்கியிருக்கும் என்று கேட்டார்கள். பிலிப்புவின் வயது எனக்குத் தெரியாது, தெரியாது என்றே சொல்லிவிட்டேன்.